காரை விக்காமலே வீட்டோட பெட்ரோல் புகையை பாதியாக்குறது எப்படி: சென்னை குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளிய போகுது. லிட்டரோட எடையே முக்கால் கிலோதான், அதுல இருந்து எப்படி ரெண்டே கால் கிலோவுக்கு மேல வரும்னு எல்லாருக்கும் சந்தேகம் வரும். பெட்ரோல்ல இருக்குற கார்பன் எரியும்போது காத்துல இருக்குற ஆக்சிஜனை இழுத்து சேத்துக்குது, 12 கிராம் கார்பன் 44 கிராம் கார்பன் டை ஆக்சைடா மாறுது, அவ்வளவுதான் விஷயம். டீசல்னா லிட்டருக்கு 2.7 கிலோ பக்கம். இந்த ரெண்டு நம்பரை மனசுல வச்சுக்கிட்டா போதும், மத்ததெல்லாம் பெருக்கல் கணக்கு. (கீழ கணக்குல இத்தனை கிலோ, இத்தனை கிராம் கார்பன்னு சுருக்கமா சொல்றதெல்லாம் கார்பன் டை ஆக்சைடைத்தான்.)

நிறைய பேர் இந்த விஷயத்தை பேச ஆரம்பிச்சதுமே "எந்த எலக்ட்ரிக் கார் வாங்கலாம்"னுதான் கேக்குறாங்க. என்னைக் கேட்டா அது கடைசி படி. முதல் படிகள்ல பைசா செலவு கிடையாது, சொல்லப்போனா காசு மிச்சம், குறையுற அளவும் அங்கதான் அதிகம். அதனால கீழ இருக்குற வரிசைப்படியே போங்க, நடுவுல குதிக்காதீங்க.

1. முதல்ல உங்க வீட்டுக் கணக்கை எடுங்க

கார் கம்பெனி சொல்ற மைலேஜை நம்பி கணக்கு போடாதீங்க, அது டெஸ்ட்ல வந்த நம்பர், வேளச்சேரி மெயின் ரோட்ல வர்ற நம்பர் இல்ல. டேங்க் டு டேங்க் முறைதான் சரி. பங்க்ல ஃபுல் டேங்க் போடச் சொல்லுங்க, நாசில் தானா கட் ஆனதும் நிறுத்தச் சொல்லுங்க (பங்க்ல வேலை பாக்குற தம்பி ரவுண்டா வரட்டும்னு இன்னும் கொஞ்சம் அடிக்கப் பாப்பார், வேணாம்னு சொல்லிடுங்க, அங்கதான் கணக்கு கெடும்), ட்ரிப் மீட்டரை பூஜ்யம் பண்ணுங்க. அடுத்த தடவை அதே பங்க்ல அதே மாதிரி கட் ஆகுற வரைக்கும் போட்டுட்டு, ஓடுன கிலோமீட்டரை போட்ட லிட்டரால வகுங்க. வர்றதுதான் உண்மையான மைலேஜ். சிட்டிக்குள்ள மட்டும் ஓடுற பெட்ரோல் கார் பலதும் 12, 13-லதான் வந்து நிக்கும், பாத்து ஷாக் ஆகாதீங்க.

இப்ப ஒரு உதாரணக் குடும்பம். குரோம்பேட்டைல வீடு, ஒரு கார், ஒரு ஸ்கூட்டர். காருக்கு மாசம் 60 லிட்டர், ஸ்கூட்டருக்கு 12 லிட்டர். 72-ஐ 2.3-ஆல பெருக்குனா 165 கிலோ, வருஷத்துக்கு கிட்டத்தட்ட 2 டன். ஒரு சராசரி இந்தியரோட தலைக்கு, கரண்ட்டு, ஃபேக்டரி எல்லாம் சேத்து வருஷத்துக்கு வர்ற கார்பனே 2 டன் பக்கம்தான். அதாவது அந்த வீட்ல வண்டிங்க மட்டுமே இன்னொரு ஆள் இருக்குற மாதிரி.

எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு இந்த 2.3 பொருந்துமான்னு கேப்பீங்க. 2025-லயே 20 சதவீத கலப்பு வந்தாச்சு, எத்தனால்ல சக்தி பெட்ரோலை விட மூணுல ஒரு பங்கு கம்மி, அதனால மைலேஜ் கொஞ்சம் அடி வாங்கும், இன்னொரு பக்கம் அதுல இருக்குற கார்பன் கரும்பும் மக்காச்சோளமும் வளரும்போது காத்துல இருந்து எடுத்தது, ஆனா உரத்துக்கும் ஆலைக்கும் ஆன செலவு தனி. இந்த பஞ்சாயத்துக்குள்ள போனா வெளிய வர முடியாது. வீட்டுக் கணக்குக்கு 2.3-ன்னே வச்சுக்கோங்க, ஒப்பிட்டுப் பாக்கதானே போறோம்.

2. ஒரு வாரம் பூரா எந்த பயணத்துக்கு எந்த வண்டின்னு எழுதுங்க

ஃப்ரிட்ஜ் மேல ஒரு பேப்பர் ஒட்டிடுங்க, இல்ல ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்ல போடச் சொல்லுங்க. எங்க போனோம், எத்தனை கிலோமீட்டர், எந்த வண்டி, உள்ள எத்தனை பேர். நாலே விஷயம். இதை தவறாம எழுத வைக்கிறதுதான் கஷ்டம், அப்பாக்கள் பெரும்பாலும் "எனக்கு எல்லாம் மனசுல இருக்கு"ன்னு சொல்லிடுவாங்க, விடாதீங்க.

வாரக் கடைசில பேப்பரைப் பாத்தா ரெண்டு மூணு விஷயம் பளிச்சுனு தெரியும். ஒண்ணு, கார்ல ஒத்த ஆள் போன பயணம்தான் ஜாஸ்தி இருக்கும். இன்னொண்ணு, ரெண்டு கிலோமீட்டருக்குள்ள முடிஞ்ச குட்டிக் குட்டிப் பயணங்கள்: பால் பாக்கெட், மெடிக்கல் ஷாப், டியூஷன், அயர்ன் கடை. இந்த குட்டிப் பயணம்தான் மோசமான மைலேஜ் தர்றது, ஏன்னா இன்ஜின் சூடாகறதுக்குள்ள பயணமே முடிஞ்சு போகுது, ஆறி இருக்குற இன்ஜினுக்கு பெட்ரோல் கூட வேணும், புகையை சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் சூடானாதான் ஒழுங்கா வேலை செய்யும்.

இதுக்கு வழி ரொம்ப சிம்பிள். ஒரு கிலோமீட்டருக்குள்ளன்னா நடை இல்ல சைக்கிள், வெயில் தாங்கலன்னா சாயங்காலம் ஆறு மணிக்கு மேல போங்க. அதுக்கு மேலன்னா நாலு வேலையை சேத்து ஒரே சுத்துல முடிங்க, ஆபீஸ்ல இருந்து வர்ற வழிலயே காய்கறி வாங்கிட்டா தனியா ஒரு தடவை வண்டி எடுக்க வேண்டாம். தனி ஆள், கனமான சாமான் இல்ல, அப்ப ஸ்கூட்டர். 12 கிலோமீட்டர் மைலேஜ் கார் ஒரு கிலோமீட்டருக்கு 190 கிராம் விடுது, 45 தர்ற ஸ்கூட்டர் 51 கிராம். சாவியை மாத்தி எடுத்தாலே நாலுல ஒரு பங்கு ஆயிடுது.

3. ஸ்கூல் ட்ராப்: இங்கதான் மெயின் மேட்டர்

கணக்கு போட்டுப் பாக்குற வரைக்கும் யாரும் இதை நம்ப மாட்டாங்க. ஸ்கூல் 4 கிலோமீட்டர்ல இருக்குன்னு வைங்க. காலைல கொண்டு போய் விட்டுட்டு வீட்டுக்கு வர்றது 8, சாயங்காலம் கூட்டிட்டு வர்றது 8, ஒரு நாளைக்கு 16 கிலோமீட்டர். மாசம் 22 நாள்னா 352 கிலோமீட்டர், 12 மைலேஜ் கார்ல 29 லிட்டர், 67 கிலோ கார்பன். மேல சொன்ன உதாரண வீட்டோட கார் கணக்குல கிட்டத்தட்ட பாதி இதுலயே போகுது. அந்த 16-ல 8 கிலோமீட்டர் பிள்ளை உள்ளயே இல்ல, அதை இறக்கிட்டு நீங்க சும்மா திரும்பி வர்றீங்க. போதாததுக்கு ஸ்கூல் வாசல்ல ஏசியை ஆஃப் பண்ணாம அரை மணி நேரம் நிக்கிற வண்டிங்க வேற. ஏசியோட நின்னபடி ஓடுற சின்ன கார் ஒரு மணி நேரத்துக்கு முக்கால்ல இருந்து ஒரு லிட்டர் வரைக்கும் குடிக்கும்.

என்ன பண்ணலாம்னா, ஸ்கூல் பஸ் இருந்தா அதுதான் பெஸ்ட், மாசம் கட்டுற ஃபீஸையும் பெட்ரோல் காசையும் பக்கத்துல பக்கத்துல எழுதிப் பாருங்க, உங்க நேரத்தை சேக்காமலே பெரிய வித்தியாசம் இருக்காது. பஸ் சரிப்படலன்னா அதே ஸ்கூலுக்குப் போற பக்கத்து ஃபிளாட் குடும்பத்தோட முறை வச்சுக்கோங்க. ஒரு வாரம் அவங்க, ஒரு வாரம் நீங்க, இல்ல காலைல அவங்க, சாயங்காலம் நீங்க. இதுல காசு பேச்சே வேண்டாம், முறை மாத்தி ஓட்டுறதால யாரும் யாருக்கும் கடன் கிடையாது, அது ஒரு பெரிய நிம்மதி. சொல்லிட்டுத்தான் ஆரம்பிக்கணும்: எத்தனை மணிக்கு கீழ நிக்கணும், எத்தனை நிமிஷம் காத்திருப்போம், லீவுன்னா முந்தின நாள் ராத்திரி எத்தனை மணிக்குள்ள மெசேஜ் போடணும். இதை பேசாம ஆரம்பிச்ச ஷேரிங் எல்லாம் ரெண்டாவது மாசம் முகத்தைத் திருப்பிக்கிட்டுதான் முடியும். பெரிய பசங்கன்னா சைக்கிள், ரோடு எப்படி இருக்குன்னு நீங்களே ஒரு தடவை அதே நேரத்துக்கு அதே வழில ஓட்டிப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

ஸ்கூட்டருக்கு மாறுறீங்கன்னா அதே 352 கிலோமீட்டருக்கு 8 லிட்டருக்குள்ள முடிஞ்சிடும், 18 கிலோ கார்பன். ஆனா பிள்ளைக்கும் ஹெல்மெட் வேணும். நாலு வயசுக்கு உள்ள இருக்குற குழந்தைன்னா ஹெல்மெட்டோட பெல்ட்டும் கட்டணும், 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல போகக்கூடாது, 2022-ல வந்த மத்திய அரசு விதி அது. பெட்ரோல் டேங்க் மேல ஒண்ணு, நடுவுல ஒண்ணு, பின்னாடி ஒண்ணுன்னு அடுக்கிட்டுப் போறதுக்கு நான் இங்க வழி சொல்லல.

4. ஆபீஸ்: வாரத்துல ரெண்டு நாள் போதும்

தினமும் பஸ், ட்ரெயின்னு சபதம் எடுத்தவங்க பாதிப் பேர் முதல் மழைக்கே திரும்ப கார் சாவியை எடுத்திருக்காங்க. ரெண்டு நாள்ல ஆரம்பிங்க. உங்க வீடும் ஆபீஸும் எந்த லைன்ல இருக்குன்னு பாக்குறதுதான் முக்கியம். பீச்ல இருந்து தாம்பரம், செங்கல்பட்டு வரைக்கும் லோக்கல் ட்ரெயின், 2025 ஏப்ரல்ல இருந்து இதே ரூட்ல ஏசி ட்ரெயினும் ஓடுது. ஏர்போர்ட்ல இருந்து விம்கோ நகர் வரைக்கும், சென்ட்ரல்ல இருந்து கோயம்பேடு வழியா பரங்கிமலை வரைக்கும் மெட்ரோ. ஓஎம்ஆர்ல வேலைன்னா நிலைமை வேற, அங்க பஸ்ஸும் ஆபீஸ் கேபும்தான் கை கொடுக்கும்.

ஸ்டேஷனுக்குப் போறதுக்கு காரை எடுக்காதீங்க, ஸ்கூட்டரை ஸ்டேஷன் பார்க்கிங்ல விடுங்க, இல்ல ஷேர் ஆட்டோ. டிக்கெட்டுக்கு 2025 செப்டம்பர்ல வந்த சென்னை ஒன் ஆப் இருக்கு, எம்டிசி பஸ், மெட்ரோ, லோக்கல் ட்ரெயின் மூணுக்கும் ஒரே க்யூஆர்ல எடுத்துக்கலாம். அடிக்கடி பஸ்ல போறவங்களுக்கு எம்டிசி 1000 ரூபாய் மாச பாஸ், ஏசி பஸ்ஸும் சேத்துன்னா 2000. சாதா கட்டண டவுன் பஸ்ல பெண்களுக்கு 2021 மே மாசத்துல இருந்து கட்டணமில்லாப் பயணம், அந்த வசதி இருந்தும் பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட நடந்து பாக்காத வீடுகள் நிறைய இருக்கு.

கார்பன் கணக்குல பஸ் எங்க நிக்குதுன்னு பாக்கணுமா? டீசல் டவுன் பஸ் லிட்டருக்கு 4 கிலோமீட்டர்னு வச்சா கிலோமீட்டருக்கு 675 கிராம். உள்ள 40 பேர்னா ஆளுக்கு 17 கிராம். ஒத்த ஆள் கார்ல 190. நீங்க ஏறாட்டியும் அந்த பஸ் ஓடத்தான் போகுது, அதனால நீங்க ஏறுறதால கூடுற கார்பன் கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்ல. 2025 ஜூன் கடைசில இருந்து வியாசர்பாடி டிப்போவுல எலக்ட்ரிக் தாழ்தள பஸ்ஸும் விட்டிருக்காங்க.

கேப் புக் பண்றதை பஸ் கணக்குல சேக்காதீங்க. அது உங்களை ஏத்த காலியா வருது, இறக்கிட்டு அடுத்த ஆளைத் தேடி காலியா போகுது, சொந்த கார்ல போறதை விட கார்பன் கூடதான் ஆகும். வீட்ல இருந்து வேலை பாக்க ஆபீஸ்ல விடுறாங்கன்னா அந்த நாளை விட்டுக்கொடுக்காதீங்க.

5. ஓட்டுற பழக்கம்

மிச்சம் இருக்குற கிலோமீட்டரை ஓட்டித்தான் ஆகணும், அதை ஒழுங்கா ஓட்டுவோம். இதுல முக்கியமானது ஒண்ணே ஒண்ணு: பிரேக் எவ்வளவு தடவை மிதிக்கிறீங்கன்றதுதான் பெட்ரோல். ஆக்சிலரேட்டரை மிதிச்சு வாங்கின வேகத்தை பிரேக் சூடாக்கி வீணாக்குறோம், சிக்னல் சிவப்பா இருக்குறது 200 மீட்டர் முன்னாடியே தெரியும், அங்க வரைக்கும் விரட்டிட்டுப் போய் கிறீச்னு நிப்பாட்டுறதுல என்ன லாபம், முன்னாடியே காலை எடுத்துட்டா வண்டி அதுவா உருண்டு போய் சேரும்.

இங்க ஒரு பழைய பழக்கத்தை விட்டாகணும். இறக்கத்துலயும் சிக்னல் கிட்டயும் நியூட்ரல்ல விட்டா பெட்ரோல் மிச்சம்னு நம்ம வீட்டு பெரியவங்க சொல்லிக் கொடுத்திருப்பாங்க. கார்புரேட்டர் காலத்துல அது சரி. இப்ப வர்ற ஃபியூயல் இன்ஜெக்ஷன் வண்டில கியர்ல இருக்கும்போது ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தா, இன்ஜெக்டர் பெட்ரோலையே நிறுத்திடும், சக்கரம்தான் இன்ஜினை சுத்தும். நியூட்ரல்ல போட்டா இன்ஜின் ஐடில்ல ஓடணும், அதுக்குப் பெட்ரோல் வேணும். டாஷ்போர்டுல உடனடி மைலேஜ் காட்டுற கார் இருந்தா கத்திப்பாரா மேம்பாலத்துல இறங்கும்போது பாருங்க: கியர்ல காலை எடுத்தா முள்ளு கடைசி வரைக்கும் ஓடும், நியூட்ரல்ல போட்டா கீழ வந்துடும். பிரேக்கும் இன்ஜினும் சேந்து நிறுத்துறதால கியர்லயே இறங்குறது பாதுகாப்பும் கூட.

சிக்னல்ல கவுண்ட்டவுன் 30 செகண்டுக்கு மேல காட்டுச்சுன்னா ஆஃப் பண்ணுங்க, மறுபடி ஸ்டார்ட் பண்ண பெட்ரோல் நிறைய ஆகும்னு சொல்றதும் அதே கார்புரேட்டர் காலத்துக் கதைதான். பேட்டரி பழசா இருந்தா மட்டும் யோசிங்க. ஹைவேல 100-ஐ விட 80-ல போங்க, 80-ல இருந்து 100-க்கு ஏறுனா காத்து எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல ஆயிடுது, விழுப்புரம் போய் சேர்றதுல மிச்சமாகுற நேரத்தை டீக்கடைல எப்படியும் விட்டுடுவோம்.

ஏசியைப் பத்தி: சென்னை மே மாசத்துல ஏசி போடாதீங்கன்னு சொல்ற ஆள் நான் இல்ல. வெயில்ல நின்ன காரோட எல்லாக் கண்ணாடியையும் இறக்கி ஒரு நிமிஷம் ஓட்டி சூட்டை வெளிய தள்ளிட்டு அப்புறம் போடுங்க, 24, 25-ல வைங்க. சிட்டிக்குள்ள மெதுவா போகும்போது கண்ணாடி இறக்குறது லாபம், ஹைவே வேகத்துல கண்ணாடியை ஏத்திட்டு ஏசி போடுறதே மேல்.

6. டயர், பிரேக், டிக்கி

டிரைவர் கதவைத் திறந்தா கீழ்ப்பக்க ஓரத்துல ஒரு ஸ்டிக்கர் இருக்கும், எத்தனை பிஎஸ்ஐ காத்து வைக்கணும்னு போட்டிருக்கும். அதைப் பாத்துச் சொல்லுங்க, "முப்பது வைங்க"ன்னு பொத்தாம்பொதுவா சொல்லாதீங்க. காலைல வண்டி ஆறி இருக்கும்போது, வீட்டுக்குப் பக்கத்து பங்க்லயே, பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை. பங்க்ல காத்து இலவசம், நைட்ரஜனுக்கு காசு கொடுத்தாத்தான் மைலேஜ்னு இல்ல. காத்து குறைஞ்ச டயரால மைலேஜ் ரெண்டு மூணு சதவீதம் குறையலாம், சின்னதுதான், ஆனா சும்மா கிடைக்குது.

ஓட்டிட்டு வந்து நிறுத்துனதும் நாலு வீல் பக்கத்துலயும் கையைக் கொண்டு போங்க, தொட வேண்டாம், சுட்டுடும். ஒண்ணு மட்டும் மத்ததை விட சூடா அடிச்சா அங்க பிரேக் பிடிச்சுக்கிட்டே ஓடுதுன்னு அர்த்தம், மெக்கானிக்கிட்ட காட்டுங்க. பைக்னா செயினுக்கு எண்ணெய். சர்வீஸை தள்ளிப் போடாதீங்க. டிக்கில போன கோடைல இருந்து சும்மா கிடக்குற சாமானை இறக்குங்க, மேல கேரியர் மாட்டியிருந்தா கழட்டுங்க, அது காத்தைப் பிடிச்சு இழுக்கும்.

7. இப்ப பேசலாம் எலக்ட்ரிக்

மேல சொன்னதை ரெண்டு மாசம் செஞ்சுட்டு மறுபடி டேங்க் டு டேங்க் பாத்துட்டு வாங்க. கார் மாசம் 300 கிலோமீட்டருக்கு கீழ வந்துடுச்சுன்னா, அதை மாத்துறதுல அவசரமே இல்ல, புது கார் தயாரிக்கிறதுலயும் அதோட பேட்டரிலயும் பெரிய அளவு கார்பன் இருக்கு, கம்மியா ஓட்டுறவங்க அதை ஈடுகட்ட ரொம்ப வருஷம் ஆகும். நிறைய ஓடுற வண்டி எதுவோ அதை முதல்ல மாத்துங்க. நிறைய வீட்ல அது ஸ்கூட்டர்தான்.

நம்ம நாட்டு கரண்ட்ல ஒரு யூனிட்டுக்கு சுமார் 0.7 கிலோ கார்பன் இருக்கு, பெரும்பகுதி நிலக்கரில இருந்து வர்றதால. எலக்ட்ரிக் ஸ்கூட்டர் ஒரு யூனிட்டுக்கு 30 கிலோமீட்டர் ஓடும்னு வச்சு, சார்ஜ் ஏத்துறப்ப வீணாகறதையும் சேத்தா, மாசம் 600 கிலோமீட்டருக்கு 23 யூனிட், 16 கிலோ கார்பன். பெட்ரோல் ஸ்கூட்டர்ல அதே தூரம் 31 கிலோ. விளம்பரத்துல சொல்ற மாதிரி பூஜ்யம் கிடையாது, பாதி. எலக்ட்ரிக் கார் யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர்னா 700 கிலோமீட்டருக்கு 110 யூனிட் பக்கம் வரும், 77 கிலோ. அதே தூரம் பெட்ரோல்ல 134.

வாங்குறதுக்கு முன்னாடி இபி பில்லை எடுத்து வச்சுக்கோங்க. கார் சார்ஜ் ரெண்டு மாசத்துக்கு 220 யூனிட் கூட்டும், ஏற்கனவே 350 யூனிட் ஓடுற வீடுன்னா 500-ஐ தாண்டி ஸ்லாப் மாறும், ஸ்கூட்டர்னா 46 யூனிட்தான், பெருசா தெரியாது. காருக்கு 15 ஆம்பியர் பிளக்கும் ஒழுங்கான எர்த்தும் வேணும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல மாட்டுற வேலை வேண்டவே வேண்டாம். அபார்ட்மென்ட்ல பார்க்கிங் வரைக்கும் உங்க மீட்டர்ல இருந்து லைன் இழுக்கணும்னா அட்வான்ஸ் கொடுக்குறதுக்கு முன்னாடியே அசோசியேஷன்ல எழுதி வாங்கிடுங்க.

தனி வீடு, மொட்டை மாடி உங்களுதுன்னா சோலார் போட்டா கணக்கே மாறுது. 1 கிலோவாட் பேனல் நம்ம வெயிலுக்கு நாளைக்கு சராசரியா 4 யூனிட் தரும், மாசம் 120, ஒரு ஸ்கூட்டரும் காரும் ஓட ஏறக்குறைய போதும். 2024-ல வந்த பிஎம் சூர்ய கர் திட்டத்துல 1 கிலோவாட்டுக்கு 30,000, 2-க்கு 60,000, 3-ம் அதுக்கு மேலயும் 78,000 ரூபாய் மானியம். பகல்ல வண்டி ஆபீஸ்ல நிக்குமே, ராத்திரிதானே சார்ஜ் போடுவோம்னா, நெட் மீட்டர்ல பகல்ல நீங்க இபிக்குக் கொடுத்த யூனிட்டை ராத்திரி எடுத்த யூனிட்ல கழிச்சுக்குவாங்க. வேலைக்கு ஆள் வர்றதுக்கு முன்னாடி தண்ணி டேங்க் நிழல் எங்க விழுதுன்னு மட்டும் காலை, மதியம், சாயங்காலம் மூணு தடவை மாடி ஏறிப் பாத்துடுங்க, அந்த நிழல் ஒரு பேனல்ல விழுந்தாலே அந்த வரிசை மொத்தமும் உற்பத்தி குறையலாம்.

எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வந்ததும் பழைய பெட்ரோல் ஸ்கூட்டரை "இருக்கட்டும், அவசரத்துக்கு ஆகும்"னு வச்சுக்காதீங்க. வாசல்ல நிக்கிற வண்டிய யாராவது எடுக்கத்தான் செய்வாங்க, அதுக்கு இன்சூரன்ஸும் பியூசி (புகை சோதனை) சர்டிஃபிகேட்டும் தனியா ஓடும். டெலிவரி எடுக்குற அன்னைக்கே ஆர்சி பேர் மாத்துற ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டு வித்துடுங்க, வாங்குனவர் பேருக்கு ஆர்சி மாறிடுச்சான்னு மத்திய அரசோட பரிவாகன் தளத்துல வண்டி நம்பரைப் போட்டு பாத்துக்கோங்க.